கோட்டு லம்லி போட்ட ஒரே முகம்

கிளார்க்கன்வெல் பட்டறை ஒன்றில் பதினேழு வருஷம் ஒரு மனிதர் கழுத்துக்குக் கீழேயே வேலை செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் ஓபேத் லம்லி. பிரபுக்கள், தளபதிகள், வைத்தியர்கள் என்று எத்தனையோ பெரிய மனிதர்களுடைய கோட்டும் பொத்தானும், அவர்கள் சாய்ந்திருக்கும் நாற்காலியின் கையும், முதுகுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையும் செப்புத் தகட்டில் அவர் கையால் வந்தவை. முகத்தை மட்டும் முதலாளி மிஸ்டர் கிராடக் போடுவார். முகம் முடிந்ததும் தகட்டின் வலது மூலையில் கிராடக்கின் பெயர் ஏறும். தொழிலில் அதுதான் வழக்கம், யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. பட்டறையில் லம்லிக்குக் கோட்டு லம்லி என்றே பெயர் வந்துவிட்டது. கடிதம் கொண்டுவருகிறவன்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவான்.

அந்தத் தகடுகளை அச்சடித்தவன் நான். பட்டறைக்கு இரண்டு வாசல் தள்ளி என் உருளை அச்சு. லம்லியும் நானும் ஒரே சபை. ஞாயிறு தோறும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவோம். அவர் குரல் நன்றாக இருக்காது. ஆனால் ஒரு அடி விடாமல் பாடுவார்.

புத்தி பேதலித்திருந்த கிழ ராஜா இறந்துபோன குளிர்காலம் அது. கிராடக்கின் பட்டறையில் ராஜ குடும்பத்து முகங்களாகவே வந்து குவிந்தன. அந்தச் சமயத்தில் எங்கள் சபையார் கட்டிய புது ஆலயம் மே மாதத்துப் பெந்தெகொஸ்தே திருநாளில் திறப்பதாக இருந்தது. அன்றைக்கு எங்கள் போதகர் பென்ஹேல் ஐயாவின் படத்தை அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பது என்று மூப்பர்கள் யோசித்தார்கள். போதகர் வீட்டு முன்னறையில் ஓர் எண்ணெய்ச் சித்திரம் இருந்தது. அதை வரைந்த சபைச் சகோதரர் பிரிஸ்டலுக்குக் குடிபோய்விட்டார். அதைப் பார்த்துத் தகட்டில் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். கிராடக்குக்கு நேரமில்லை. யாரோ லம்லியின் பெயரைச் சொன்னார்கள். அந்த யாரோ நான்தான்.

கிராடக் தடுக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல, வாய்தான் சும்மா இருக்காது. “தாராளமாப் போடுங்க லம்லி. மூக்குல பொத்தான் வெச்சிடாதீங்க, அது போதும்” என்றார். பட்டறையே சிரித்தது. லம்லியும் சிரித்தார். அன்று மாலை என் அச்சுக்கூடத்துக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த தாள்களைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, “ஜெத்ரோ, மூலையில என் பேரு வரும் இல்ல?” என்று கேட்டார். முகம் போடுகிறவர் பெயர்தானே வரும், வேறு யார் பெயர் வரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதுதான்: ஒரு முகம், அதன் கீழே தன் பெயர்.

தகட்டுக்கு நிலம் போடும் வேலையைக்கூட அவர் பிறருக்கு விடவில்லை. வளைந்த விளிம்பு நெடுக நுணுக்கமான பற்கள் உள்ள உளி ஒன்று உண்டு. அதைத் தொட்டில் என்போம், தொட்டில்போலவே ஆட்ட வேண்டும். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை என்று நாற்பது தடவையாவது தகடு முழுக்க ஆட்டினால் செம்பு மேலெல்லாம் பூனைமயிர்போல் சிலிர்த்து நிற்கும். அப்போது மைபூசி அச்சடித்தால் தாள் முழுதும் ஒரே கறுப்பு, வெல்வெட்டுத் துணிபோல. அந்தக் கறுப்பில் சுரண்டிச் சுரண்டித்தான் முகத்தை வெளியே எடுக்க வேண்டும். கொஞ்சம் சுரண்டினால் சாம்பல் நிறம், நன்றாகச் சுரண்டித் தேய்த்து மெருகேற்றினால் வெள்ளை. சுரண்டினதைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. போதாததற்கு, ஒவ்வொரு முறை அச்சில் போகும்போதும் அந்தச் சிலிர்ப்பு கொஞ்சம் அமுங்கும். நல்ல தாள் ஐம்பது, அறுபது வரும். பிறகு படம் மெல்ல மெல்ல வெளுத்துப்போகும்.

ஏப்ரலில் ஒரு காலை லம்லி தகட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் கணப்பின் மேல் அதைச் சூடாக்கி, மையை ஒத்தி, துணியால் வழித்து, கடைசியில் உள்ளங்கையில் சீமைச்சுண்ணாம்புப் பொடி தடவிக்கொண்டு முகத்தை மெல்லத் துடைத்தேன். ஈரத்தாளைப் போட்டு, கம்பளியால் மூடி, சக்கரத்தைச் சுற்றினேன். தாளைத் தூக்கினேன்.

பென்ஹேல் ஐயாவை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். இடது கண்ணிமை கொஞ்சம் தொங்கும். அம்மைத் தழும்பு உண்டு. பிரசங்கம் தொடங்குமுன் வாயை லேசாகத் திறந்து ஒரு மூச்சு அளவு பேசாமல் நிற்பார், சபை முழுதும் அந்த மூச்சுக்காகக் காத்திருக்கும். அந்த மூச்சு தாளில் இருந்தது. பிரிஸ்டல்காரர் வரைந்த சித்திரத்தில் அது கிடையாது. ஞாயிறு ஞாயிறாகப் பெஞ்சில் உட்கார்ந்து லம்லி பார்த்துவைத்தது அது. நான் வாய்க்குள் கர்த்தரைத் துதித்தேன். லம்லி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழிலில் ஒரு முறை உண்டு. மாதிரித் தாளை எடுத்ததும் சித்திரத்தை வரைந்தவருக்கு அனுப்ப வேண்டும். அவர் எங்கே வெளுக்க வேண்டுமோ அங்கே வெள்ளைச் சுண்ணக் கட்டியாலும், எங்கே கறுக்க வேண்டுமோ அங்கே கறுப்புக் கட்டியாலும் தொட்டுக் காட்டித் திருப்பி அனுப்புவார். எங்கள் சித்திரக்காரரோ பிரிஸ்டலில். எங்கள் சபையிலோ மேலே ஆயர் கிடையாது, ஆணையிட ஆள் கிடையாது. விளக்குக்கு எண்ணெய் வாங்குவது முதல் போதகரைக் கூப்பிடுவது வரை எல்லாமே சபைக்கூட்டத்தில் கைதூக்கித்தான் முடிவாகும். அதுதான் எங்கள் பெருமை, அதற்காக எங்கள் தாத்தாமார் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ஆகையால் லம்லியின் மாதிரித் தாளும் சபைக்கூட்டத்தில் வைக்கப்பட்டது.

தலைமை மூப்பர் ட்ரஸ்கட், மெழுகுவர்த்தி வியாபாரி. தாளை எட்டவைத்தும் கிட்டவைத்தும் பார்த்துவிட்டு, மந்தையைக் காக்கிற மேய்ப்பன் தூங்குகிற மாதிரி இருக்கலாமா என்று கேட்டார். இமையைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் பிரேரணை. பதினொரு கை உயர்ந்தன, நான்கு உயரவில்லை. ட்ரஸ்கட் வெள்ளைக் கட்டியை எடுத்து அழுத்தி ஒரு கோடு போட்டார். அடுத்துப் போதகரம்மா எழுந்தார்கள். கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டார்கள். “நான் மனுஷனுக்குச் சாப்பாடே போடறதில்லன்னு ஊர்ல பேசிக்குவாங்க.” அதற்கும் கை தூக்கினார்கள். கன்னத்துத் தழும்புக்கும் தூக்கினார்கள்.

போதகரோ அந்தக் கூட்டத்திலேயே இல்லை. தன் உருவத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது வீண்பெருமை, அச்சாகி முடிகிற வரைக்கும் அதை என் கண்ணில் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்தத் தாழ்மையை நாங்கள் எல்லாரும் மெச்சினோம். இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

லம்லி எழுந்து, இதெல்லாம் சுரண்டினால் சுரண்டினதுதான், திரும்பி வராது என்று விளக்கப் பார்த்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவர். வார்த்தை தடுமாறியது. ட்ரஸ்கட் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சகோதரரே, மனுஷனோட இருதயமே மாறுது. ஒரு தகடு மாறாதா?”

“இருதயம் மாறும் ஐயா. செம்பு தேயத்தான் செய்யும்” என்றார் லம்லி. ஆனால் உட்கார்ந்துகொண்டே சொன்னார், பக்கத்திலிருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

சுரண்டினார். இமை திறந்தது. இமை திறந்ததும் அந்த மூச்சு போய்விட்டது. எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வாயை அவர் தொடவே இல்லை. இரண்டாவது மாதிரித் தாள் எடுத்தோம். ஒன்று போதாது, மூப்பர் ஒவ்வொருவருக்கும் வீட்டில் காட்ட ஒன்று வேண்டும் என்றார்கள். ஆறு எடுத்தேன். அந்த வாரம் வாயைப் பற்றிக் கூட்டம். பாதிப் பேர் புன்னகை வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் கண்டிப்பு வேண்டும் என்றார்கள். கையை எண்ணினால் சரிபாதி. கடைசியில் ‘கண்டிப்போடு கூடிய அன்பு’ என்று தீர்மானம் எழுதி லம்லியிடம் கொடுத்தார்கள். அவர் அந்தக் காகிதத்தை என் அச்சுக்கூடத்தில் வைத்து மூன்று தடவை படித்தார்.

“இதை எந்தக் கத்தியால சுரண்டறது, ஜெத்ரோ?”

நான் தாளை நனைத்துவைத்தேன். மீண்டும் ஆறு தாள். அடுத்தது மூக்கு. மீண்டும் ஆறு. லம்லியின் மனைவி தாமரி ஒரு நாள் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுல ஒரு பேச்சு இல்லண்ணே. உருளைக்கிழங்கைத் தட்டுல வெச்சா, தோலைச் சுரண்டிச் சுரண்டி உக்காந்திருக்காரு, வாய்க்குப் போகல” என்றாள். நான் ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். பண்ணவும் செய்தேன். ஆனால் தாள் கேட்டவர்களுக்கு இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உருளையைச் சுற்றுகிறவனுக்குத் தெரியும், ஒவ்வொரு தாளும் தகட்டின் ஆயுசில் ஒரு நாள். தெரிந்தே சுற்றினேன். மூப்பர்கள் கேட்கும்போது மறுத்துப் பேச எனக்கு நாக்கு வராது. அந்தப் பாவம் என்னுடையது.

மே மாதம் பிறந்தபோது முகம் முழுதும் வெளுத்துவிட்டது. அதையும் ட்ரஸ்கட்தான் முதலில் கண்டுபிடித்தார். போதகர் முகம் வேகாத மாவுருண்டை மாதிரி இருக்கிறதே, ஆதியில் இதைவிட அழுத்தமாக இருந்ததே என்று கேட்டார். இந்தத் தடவை கறுப்புக் கட்டி. லம்லி தகட்டை எடுத்துக்கொண்டு போனார். கன்னம் இருக்கும் இடத்தைக் கவைக்கோல் என்ற இருமுனைக் கருவியால் அளந்து தகட்டின் முதுகில் குறித்து, அடைகல்லில் வைத்து, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டிப் பள்ளத்தை மேலே எழுப்பினார். அதன்மேல் மறுபடி தொட்டில் ஆட்டி நிலம் போட்டார். மறுபடி சுரண்டினார். தட்டின செம்பு முதல் செம்புபோல் இருக்காது. மை ஓரிடத்தில் தங்கும், ஓரிடத்தில் நழுவும். கடைசி மாதிரித் தாளில் போதகர் திறந்த கண்ணும் மூடிய வாயுமாக, யாரோ கணக்குக் கேட்டதும் திகைத்த கடைக்காரர்போல் இருந்தார். சபைக்கூட்டம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். லம்லியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

இனி எழுத்து ஒன்றுதான் பாக்கி. எழுத்து வெட்டுவது தனித் தொழில். எங்கள் தெருவில் விக்ஸ் என்பவர் அதைச் செய்தார். கிராடக்கின் தகடுகளுக்கெல்லாம் பத்து வருஷமாக அவர்தான் பெயர் வெட்டுகிறவர். போதகர் பெயர், ஆலயத்தின் பெயர், வலது மூலையில் லம்லி பெயர் என்று எல்லாம் எழுதிய காகிதத்தை அவரிடம் கொடுத்தோம். பெந்தெகொஸ்தேக்கு மூன்று நாள் இருக்கும்போது தகடு திரும்பி வந்தது. லம்லி பக்கத்தில் நிற்க, நான் முதல் தாளைத் தூக்கினேன்.

வலது மூலையில், பத்து வருஷமாக எந்தப் பெயர் இருந்ததோ அந்தப் பெயர் இருந்தது.

விக்ஸைக் கூட்டிவந்தேன். மனிதர் தாளைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். நடுவிலுள்ள எழுத்துக்களைக் காகிதத்தைப் பார்த்து வெட்டினாராம், மூலைக்கு வந்ததும் பார்க்கத் தோன்றவில்லையாம். “கை தானாப் போயிடுச்சு, லம்லி. கிராடக் வீட்டுத் தகடுன்னா கைக்கு அந்த மூலை மனப்பாடம்.”

அவர் கண்ணில் நீர் நின்றது. லம்லி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும் விடுங்க. இது நான் போட்ட முகம் இல்ல” என்றார்.

அதற்குள் செய்தி போய்ச் சேர்ந்து கிராடக்கே வந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் முகம் சிவந்துபோயிற்று. “இந்த மூஞ்சிக்கு என் பேரா? எடுங்கய்யா முதல்ல. நாளைக்கு எவன் எனக்கு முகம் போடக் குடுப்பான்?” என்று குதித்தார். லம்லி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கிராடக் கொஞ்சம் தணிந்து, தாளை மறுபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: “கோட்டு நல்லா வந்திருக்கு.”

தாங்க முடியாமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன். லம்லியின் காது இரண்டும் நெருப்பாகச் சிவந்தன.

விக்ஸ் அங்கேயே உட்கார்ந்து மெருகுக்கோலால் கிராடக்கின் பெயரைத் தேய்த்து எடுத்தார். உளியைத் தீட்டி வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “இப்ப உங்க பேரைப் போட்டுடலாமா?”

பதினேழு வருஷம் அந்த உளி முனையில் வந்து நின்றது. நான் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றேன். லம்லி ஸ்டூலில் உட்கார்ந்து தகட்டையே பார்த்தார்.

“ரெண்டு வரி போடுங்க, விக்ஸ். கோட்டு, ஓபேத் லம்லி. தலை, சபையாரில் பெரும்பான்மையோர்.”

விக்ஸ் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். லம்லி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். விக்ஸ் அரை மணி நேரம் காத்திருந்தார். லம்லி திரும்பவில்லை. அவர் சொல்லாமல் பெயரை வெட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

பெயர் இல்லாமலே அச்சடித்தேன், இரண்டு நாள். பெயரைத் தேய்த்த இடத்தில் தகடு சற்றே குழிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குழியில் ஒரு சாம்பல் நிழலாக மை தங்கியது. உள்ளங்கையால் எத்தனை தடவை துடைத்தும் முழுக்கப் போகவில்லை. நாற்பதாவது தாளிலிருந்து முகம் மங்கத் தொடங்கியது. எழுபதுக்கு மேல் மூக்கு இருக்கிற இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். யாரும் கைவைக்காத கோட்டு மட்டும் மடிப்பு மடிப்பாக, முழங்கையில் தேய்ந்த இடம் உட்பட, நின்றது.

பெந்தெகொஸ்தே அன்று ஆராதனை முடிந்ததும் புது ஆலயத்துப் பக்க அறையில் படத்தின் திரையை விலக்கினார்கள். போதகர் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூப்பர்கள் பின்னால் சிரித்த முகமாக நின்றார்கள். அவர் யாரையும் நோகடிக்காத மனிதர். “கோட்டைப் பார்த்தா என்னுதுதான்னு தெரியுது” என்றார். பிறகு குனிந்து மூலையைப் பார்த்து, இதைச் செய்தவர் யார் என்று கேட்டார். ட்ரஸ்கட் முந்திக்கொண்டு, சபையார் அனைவரும் சேர்ந்து செய்தோம் என்றார். அது பொய்யில்லை.

லம்லி கதவருகே நின்றிருந்தார். பிறகு எல்லாரும் பாடின துதிப்பாட்டை அவர் பாடவில்லை, முதல் அடி முடியுமுன்பே போய்விட்டார்.

மறுநாள் போதகர் என்னிடம் வந்தார். என்ன நடந்தது என்று நேராகக் கேட்டார். நான் முதல் தாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. அந்த முதல் தாள் எங்கே என்றார். ட்ரஸ்கட்டின் கடையில், மெழுகுப் பெட்டிகளுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தது. முதல் கூட்டத்துத் தீர்மானங்கள் எல்லாம் அதன்மேல்தான் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தன. ஓரத்தில் கொழுப்புக் கறை. ட்ரஸ்கட் மறுக்காமல் கொடுத்துவிட்டார். நான் ரொட்டியின் உள்சதையை உருட்டி, சுண்ணக் கோடுகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். கன்னம் வந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு வந்தது. இமை மேல் ட்ரஸ்கட் அழுத்தினதில் தாள் கொஞ்சம் பிசிர் எழும்பியிருந்தது. ஆனாலும் அந்த மூச்சு அப்படியே இருந்தது. போதகர் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேரும் லம்லி வீட்டுக்குப் போனோம். தாமரி தேநீர் போட்டாள். போதகர் தாளை மேசைமேல் விரித்தார். லம்லி அதை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், இரண்டு மாதமாக வீட்டில் பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார். இமையைச் சொன்னார், வாயைச் சொன்னார், ஆறு ஆறு தாளைச் சொன்னார், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தேநீர் ஆறிப்போயிற்று. போதகர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

கடைசியில் லம்லி சொன்னார்: “ஐயா, நான் புதுத் தகட்டுல மறுபடி போடறேன். நீங்க எனக்கு எதிர்ல உக்காரணும். நடுவுல யாரும் தொடக்கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது.”

போதகர் முகம் வாடியது. மெதுவாகச் சொன்னார்: “எனக்குச் சம்மதம்தான், சகோதரரே. ஆனா சபை பேர்ல வர்ற படம். கூட்டத்துல வெச்சுத்தானே ஆகணும்.”

அவர் சொன்னது சரிதான். எங்கள் சபையில் போதகருக்கும் ஒரு கைதான்.

லம்லி சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து, வலது மூலையில், கொழுப்புக் கறைக்கு மேலே, தன் பெயரை எழுதினார். எவ்வளவு அழுத்தி எழுதினார் என்றால் தாளைத் திருப்பினால் பின்பக்கம் தடவிப் படிக்கலாம். எழுதிவிட்டுப் போதகரிடம் நீட்டினார்.

“இதுக்கு யாரையும் கை தூக்கச் சொல்ல வேண்டாம்” என்றார்.

அந்தத் தாள் போதகரின் படிப்பறையில் இருக்கிறது. அங்கே கூட்டம் நடப்பதில்லை, ஆகையால் அதிகம் பேர் பார்த்ததில்லை. மறு திங்கட்கிழமை லம்லி வழக்கம்போல் பட்டறைக்குப் போனார். ஒரு பேராயருடைய அகன்ற வெள்ளை அங்கிக்கைகள் அவருக்காகக் காத்திருந்தன. முகத்தில் கிராடக் இன்னும் கைவைக்கவில்லை.